மகனுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி பண்ணுங்க

வீட்டு புரோக்கர் வேலையில் ஒரு வசதி உண்டு: வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் சண்டை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து நம்மைத் திட்டுவார்கள். வாடகை வீட்டில் வாழும் என் சக பாவிகளே, செல்லூரில் பாதிப் பேருக்கு வீடு பிடித்துக் கொடுத்த நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். குழாய் ஒழுகுது என்று சொல்லாதவரை நாமெல்லாம் 'எங்க வீட்டு ஆளுக மாதிரி'. சொன்ன மறுநாளே ஓனர் மகனுக்குக் கல்யாணம் கூடிவிடும்.

படிக்கட்டுக்கு அடியில்

மும்தாஜ் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். அவள் புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். மகள் பிளஸ் டூ. பள்ளிக்கூடம் பக்கத்துத் தெரு என்பதற்காகவே அந்தக் கீழ் வீட்டை நான் பிடித்துக் கொடுத்தேன். ஓனர் முருகேசன் அண்ணன் மாடியில் இருக்கிறார், முன்பக்கம் பலசரக்குக் கடை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மழைக்குச் சாக்கடைத் தண்ணீர் மும்தாஜ் அடுப்படிக்குள் வரும்வரை. சொன்னாள், கெஞ்சினாள், கடைசியில் மாநகராட்சிக்குப் புகார் கொடுத்தாள். வந்தவர்கள் அடைப்பை எடுக்கச் சாக்கடை மூடியைத் தேடினால், மூடிக்கு மேல் முருகேசன் அண்ணன் கடைக்குப் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்! படியை இடிங்க என்று தெருவில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் எனக்குப் போன். மகனுக்குக் கல்யாணமாம், வீடு அவர்களுக்கே வேண்டுமாம், மும்தாஜைக் காலி பண்ணச் சொல்ல வேண்டுமாம். அதே மூச்சில், வாடகைக்கு வேறு நல்ல பார்ட்டி பார்க்கவும் சொன்னார். "மகனுக்குன்னுதானே சொன்னீக? பொண்ணு எந்த ஊருண்ணே?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"மொதல்ல வீடு காலியாகட்டும் சரசு, பொண்ண அப்புறம் பாத்துக்கிடலாம்."

பேர் என்னம்மா

பரீட்சை நெருங்குகிற நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று மும்தாஜ் அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அடுத்த தெருவில் ஒரு வீடு காட்டக் கூட்டிப்போனேன். வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார், மிஷின் சத்தம் பரவாயில்லை என்றார், தனக்கும் ரெண்டு ஜாக்கெட் தைக்க வேண்டும் என்றார். அப்புறம் பேரைக் கேட்டார். மும்தாஜ் சொன்னாள். உடனே அந்த அம்மாவுக்கு அமெரிக்காவிலிருந்து தங்கச்சி குடும்பம் வருவது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும், நானாவது முன்கூட்டிப் பேசியிருக்க வேண்டாமா? தெருவில் நடக்கும்போது மும்தாஜ்தான் என்னைச் சமாதானம் பண்ணினாள்.

"தையல் சத்தம், கறி வாசம் எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தேன்க்கா, பேருக்குத்தான் பதில் இல்லாமப் போச்சு."

பேசும் பெட்டி

இனி இந்த வீடுதான் என்று முடிவானதும் எனக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் போனோம். அவர் தெளிவாகச் சொன்னார். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் யாரும் யாரையும் வெளியே தள்ள முடியாது. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சாக்கடையைப் போட்டோ எடுத்து வையுங்கள். முக்கியமாக, வாடகையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள், ஓனர்கள் காத்திருப்பதே அதற்குத்தான்.

சொல்லிவைத்தாற்போல முருகேசன் அண்ணன் அந்த மாசம் வாடகையைக் கையில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வாங்காமல் இருந்துவிட்டு, 'வாடகையே தரல' என்று சொல்லலாம் அல்லவா? மும்தாஜ் சாயங்காலம் கடையில் கூட்டம் நிற்கும்போது போனாள், கால் கிலோ உளுந்து வாங்குகிறவள் மாதிரி போனை நீட்டிக் கடை வாசலில் ஒட்டியிருந்த அட்டையை ஸ்கேன் பண்ணி வாடகை முழுவதையும் போட்டுவிட்டாள். பணம் வந்தால் சத்தமாக அறிவிக்கும் பெட்டி ஒன்று கடையில் உண்டு. அது தெருவுக்கே கேட்கிற மாதிரி தொகையைச் சொல்லி, வரவு என்றது. "இந்த மாச வாடகைண்ணே" என்றாள் மும்தாஜ். எண்ணெய் வாங்க நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"இம்புட்டு வாடகை வாங்கியுமாண்ணே அந்தச் சாக்கடைய அப்படியே போட்டு வச்சிருக்கீக?"

நிஜமாகிப்போன பொய்

அடுத்தது தண்ணீர். மோட்டார் சுவிட்ச் மாடியில் இருக்கிறது, முருகேசன் அண்ணன் கீழே வரும் குழாயை அடைத்துவிட்டார். வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தோம், தண்ணீரை நிறுத்தவே கூடாது என்பது சட்டம். ஆனால் விசாரணை வருகிறபோதுதான் வரும், சோறு அன்றன்றைக்குப் பொங்க வேண்டும். மும்தாஜ் தெருக் குழாயில் குடம் பிடித்தாள். மகளும் படிப்பை விட்டுவிட்டு வரிசையில் நின்றாள், அதைத்தான் மும்தாஜால் தாங்க முடியவில்லை.

நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். ஏன் காலி பண்ணச் சொல்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர் சொன்ன காரணத்தையே சொன்னேன். தெருப் பெண்கள் மாடிக்குப் போய்க் கல்யாணம் விசாரித்தார்கள். பல வருஷமாக மகனுக்குப் பெண் தேடி நொந்துபோயிருந்த முருகேசன் அண்ணன் மனைவி முதலில் அழுதார், பிறகு புருஷனைப் பிடித்துக்கொண்டார். பேச்சு எப்படியோ சுற்றிப் போய், சமயநல்லூரிலிருந்து நிஜமாகவே ஒரு வரன் வந்தது. அண்ணனுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

"ஒரு பேச்சுக்குச் சொன்னது சரசு, அது பொண்ணு வீட்டோட வந்து வாசல்ல நிக்குது!"

கீழ் வீட்டில் விசாரித்தால் தெரியும்

பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் நைசாக விசாரிப்பார்கள். அதிலும் குடியிருப்பவர்களைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும் என்பது நம் ஊர்க் கணக்கு. சட்டப் புத்தகத்தில் இல்லாத கோர்ட்டு அது, வாய்தாவும் கிடையாது. ஜாக்கெட் அளவு கொடுக்க நான் மும்தாஜ் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பெண்ணின் அம்மாவும் தாய்மாமனும் வாசலில் வந்து நின்றார்கள். மும்தாஜ் அப்போதுதான் இடுப்புக் குடத்தோடு உள்ளே வருகிறாள். கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த முருகேசன் அண்ணன் கை அப்படியே நின்றுவிட்டது.

"மாடி வீட்டு ஆளுக எப்படிம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். இரண்டு வார்த்தை போதும், சம்பந்தம் முறிந்துவிடும். நானே அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் ஆசைப்பட்டேன். மும்தாஜ் குடத்தை இறக்கி வைத்தாள். "பையன் தங்கமான பையன்மா, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் கேக்குறேன். உங்க பொண்ணு, வீட்டுல சாக்கடை அடைச்சா வாயத் தொறந்து சொல்ற பொண்ணா, சொல்லாத பொண்ணா? சொல்லாத பொண்ணுன்னா ரொம்ப நல்ல எடம்."

அந்த அம்மா குடத்தைப் பார்த்தார், வறண்ட குழாயைப் பார்த்தார், பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு மாடியேறினார். எங்கள் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகப் பேசினார்.

"எங்க பொண்ணு சொல்ற பொண்ணு, அதனால மொதல்ல கீழ் வீட்டுக்குத் தண்ணியத் தொறந்து விடுங்க, அப்புறம் தட்டு மாத்திக்கிடலாம்."

அன்றைக்கே தண்ணீர் வந்தது, அந்த வாரமே படிக்கட்டு இடிந்தது, மும்தாஜ் மகள் அதே வீட்டிலிருந்து நடந்துபோய்ப் பரீட்சை எழுதினாள். இப்போதெல்லாம் 'மாமா, குழாய் ஒழுகுது' என்ற குரல் மாடியிலிருந்தே தினமும் வருகிறது, மருமகளைக் காலி பண்ண என்ன காரணம் சொல்வது என்று கேட்டு முருகேசன் அண்ணன் இன்னும் எனக்குப் போன் போடவில்லை.