முன்பாரம்

ரப்பர் தீயும் வாடையும் வெங்காய வாடையும் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், பெரம்பலூருக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரில், அப்பா உழவுக்கும் வண்டிக்கும் பூட்டிய மாடு இரண்டையும் விற்றுவிட்டு ஒரு பழைய ஜீப்பையும், அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்க இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றையும் வாங்கியிருந்தார். டிரெய்லரில் வெங்காய மூட்டை ஏற்றியதும் ஜீப்பின் பின்பக்கம் அப்படியே தரையைப் பார்த்து இறங்கிவிடும். பின்டயர் மட்கார்டில் உரசிப் புகையும், முன்பக்கமோ வானத்தைப் பார்க்கும். தெருவில் நிற்கிறவர்கள், "ஜீப்பு குந்திடுச்சு டோய்" என்று சிரிப்பார்கள். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு ஆகவே ஆகாது.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், பட்டை போடுவது. சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் வில் பட்டைகளில் இன்னொன்றைச் சேர்த்துக் கட்டினால் ஜீப் நிமிர்ந்துவிடும் என்று நம்பினார். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளிலிருந்து கழற்றிய பழைய பட்டை கிடைக்கும். அதை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார், பட்டறையில் கொடுத்து மாட்டுவார், மூட்டை ஏற்றுவார், ஜீப் மறுபடியும் குந்தும். வெறும் வண்டியாகப் போகும்போதோ அந்தப் பட்டைகள் துளிகூட வளையாமல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டன. "இந்த வண்டியில போறதுக்கு நான் நடந்தே போயிக்கிறேன்" என்று அம்மா பாதி வழியில் இறங்கிக்கொண்ட நாளும் உண்டு.

அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ தேறியிருந்தாள். திருச்சியில் காலேஜில் இடமும் கிடைத்திருந்தது. வெங்காயத்தை விற்றுத்தான் அவளைச் சேர்க்க வேண்டும் என்பதால், விலை ஏறட்டும் என்று வயலில் கீற்று வேய்ந்து காற்றாடச் சேர்த்து வைத்திருந்தோம். சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கியபோது வானமும் கருத்துக்கொண்டு வந்தது. அன்று காலை அப்பா அவசர அவசரமாக மூட்டை ஏற்றினார், வழக்கம்போல டிரெய்லரின் முன்பக்கமாகவே. அக்கா பார்த்துக்கொண்டே நின்றவள் சொல்லிவிட்டாள்.

"பாரம் பூரா கொக்கி மேல உக்காந்திருக்குப்பா. அதான் ஜீப்ப அமுக்குது. முன்னாடி இருக்குற மூட்டையில கொஞ்சத்த எடுத்து சக்கரத்துக்கு நேரா தள்ளி வைங்க, அது தானா எழுந்துக்கும்."

"சும்மா இரு ஆத்தா. நான் வண்டி ஓட்டாதவனா? முன்பாரமாத்தான் ஏத்தணும். பின்பாரமாப் போச்சுன்னா நுகத்தடி மேல தூக்கிக்கிட்டு கழுத்துக் கயிறு மாட்ட நெரிச்சிரும்."

"இதுல மாடு எங்கப்பா இருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா, "அப்பாவ எதுத்துப் பேசாதடி" என்று அக்காவைத்தான் அதட்டினாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது, அப்பா உள்ளே சாப்பிடப் போனார். ஒரே ஒரு தடவை நகர்த்திப் பார்த்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

திருச்சி மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், பாடாலூர் தாண்டுவதற்குள் பட்டை முறிந்தது. டயர் உள்ளே சிக்கிக்கொள்ள, ஜீப் ரோட்டோரம் நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்து மூட்டையை மாற்றி அனுப்பலாம் என்று கூடப்போன சித்தப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், "இன்னும் ஒரு பட்டை போட்டா சரியாயிரும்" என்று அப்பா அரியலூருக்கு பஸ் ஏறினார். அவர் பட்டையோடு திரும்புவதற்குள் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. தார்ப்பாய்க்குள் மூட்டைகள் சூடேறி அவிந்து, மார்க்கெட்டில் பிரித்தபோது வெங்காயம் கையோடு கூழாக வந்ததாம். சேர்க்கை நாள் போயிற்று. அடுத்த தை மாதம் அக்காவைச் செந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது அந்த ரோடு நாலு வழிச்சாலை. வெங்காயம் பிக்கப் வேன்களில் பறக்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும் ஜீப்பைக் கண்டு வருஷக்கணக்காகிறது, மாட்டு வண்டியும் அருகிவிட்டது. ஜீப் பழைய இரும்பாகப் போனது, அப்பாவும் போய்விட்டார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போன மாதம் செந்துறைக்குப் போனபோது அக்காவிடமே கொட்டித் தீர்த்தேன். நீ சொன்னதுதானே சரி, அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அழுத்திச் சொல்றதென்னடி. அவரு உள்ள சாப்பிடப் போயிருந்தாருல்ல, அந்நேரம் நானே டிரெய்லர்ல ஏறி நாலு மூட்டையப் பின்னாடி தள்ளி வச்சிருக்கணும்."