நடுவிலிருந்து ஒரு கேள்வி

சுனாமிக்கு அடுத்த வருடம். தாம்பரத்தை அடுத்த ஒரு தொடக்கப் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு டீச்சர். புளியங்கொட்டைகளைக் கூறு கூறாக வைத்துப் பெருக்கல் சொல்லிக்கொடுப்பேன். மூன்றாம் வகுப்பு சரோஜா டீச்சர் பெற்றோர் கூட்டத்தில், "இவங்க கிளாஸ்ல கணக்கு ஏதுங்க? பல்லாங்குழிதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மனதில் முடிந்துவைத்துக்கொண்டு நாள் பார்த்தேன்.

ஆய்வுக்கு அதிகாரி வந்தார். எங்கள் இரண்டு வகுப்புக்கும் ஒரே கூடம், நடுவில் பீரோதான் தடுப்பு. சரோஜா டீச்சரின் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை ராகமாக ஒப்பிக்க, அதிகாரி தலையாட்டி ரசித்தார். முதலிலிருந்து பாடினால்தான் அவர்களுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும்.

பீரோ ஓரமாக வந்து நின்று, "எட்டு ஏழு எவ்வளவுன்னு மட்டும் கேளுங்களேன் சார்" என்றேன்.

கேட்டார். முன்வரிசை தேவி எழுந்து விழித்தாள்.

"முதல்லருந்து சொல்லட்டா சார்?"

அதிகாரி முகம் சுளித்தார். சரோஜா டீச்சர் தலைகுனிந்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அதிகாரியின் வண்டி கிளம்பியதும் பீரோவுக்கு அந்தப் பக்கம் பிரம்புச் சத்தம். "என் மானத்தையே வாங்கிட்டியேடி!" தேவி அலறினாள். நான் எழுந்து போய்த் தடுக்கவில்லை. சரோஜா டீச்சர் தோற்றதை உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஜூனில் தேவி என் வகுப்புக்கு வந்தாள். ஐந்து புளியங்கொட்டைகளை அவள் முன் வைத்து, "எத்தனை இருக்குடா கண்ணு?" என்றேன். அவள் எண்ணவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள்.

சரோஜா டீச்சரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று அவர் கையில் பிரம்பை எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.