அப்பாவின் தொண்டை வலி

கெய்ரோவில் அரபு படிக்க வந்த சீன மாணவிகளில் லுவோ யுன்ச்சியைப் போல வாயாடி கிடையாது. சீனாவின் கான்சு மாகாணத்தில் அவள் அப்பா லாரி ஓட்டுபவர். தக்காளி விலை முதல் பேராசிரியரின் தொப்பை வரை எல்லாவற்றையும் போனில் பேசிப் பதிவுசெய்து அவருக்கு அனுப்புவாள். நான் அவள் அறைத்தோழி, கெங் ஷு.

ஏப்ரலில் அவள் அண்ணன் என்னை அழைத்தார்.

"அப்பா போயிட்டார்மா. மாரடைப்பு. பரீட்சை முடியிற வரைக்கும் அவளுக்குத் தெரிய வேணாம். நீதான் பாத்துக்கணும்."

சரி என்றேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்றிலிருந்து அப்பாவின் போனிலிருந்து அண்ணனே எழுதி அனுப்பினார்: தொண்டை வலி, பேச முடியவில்லை.

"தேன் குடிங்கப்பா. சிகரெட்டைத் தொட்டீங்க, ஊருக்கு வந்து பேசிக்கிறேன்" என்று யுன்ச்சி கட்டிலில் உட்கார்ந்து இறந்தவரை மிரட்டிக்கொண்டிருப்பாள். நான் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருப்பேன்.

தாங்க முடியாமல் ஒருநாள், எங்களிடம் சீனம் பழகும் எகிப்துப் பெண் நெர்மீனிடம் யுன்ச்சியின் அப்பா இறந்ததைச் சொன்னேன். யுன்ச்சிக்கு அது தெரியாது என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றே தோன்றவில்லை.

மறுநாள் மதியம் நெர்மீன் கறுப்பு உடையில், தன் அம்மாவோடு வந்தாள். கையில், அந்த ஊரில் துக்கத்துக்குக் குடிக்கும் சர்க்கரை போடாத காப்பி. கதவைத் திறந்த யுன்ச்சியைக் கட்டிக்கொண்டு அரபியில் சொன்னாள்:

"அவர் விட்டுப்போன ஆயுசு உனக்குச் சேரட்டும்டி."

யுன்ச்சி சிரித்தாள். "லூசு, அது செத்த வீட்ல சொல்றது. பாடத்துல படிச்சோமே."

நெர்மீன் என்னைப் பார்த்தாள். யுன்ச்சியும் திரும்பினாள். என் முகத்தில் என்ன இருந்ததோ.

"யாரு?"

"அப்பா."

"எப்போ?"

"நாப்பத்தோரு நாள் ஆச்சு."

அவள் அழவில்லை. போனை எடுத்து, அப்பாவுக்கு அனுப்பியதையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"நான் பேசினதையெல்லாம் யாரு கேட்டா?"

நெர்மீனின் அம்மாதான் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். மீதமிருந்த இரண்டு பரீட்சைகளையும் எழுதாமல் யுன்ச்சி ஊருக்குப் போனாள். செப்டம்பரில் திரும்பி வந்து வேறு அறை எடுத்தாள். என்னைக் கண்டால் தலையசைப்பதோடு சரி.

டிசம்பரில் ஒருநாள் நூலகத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவுக்கு இப்படி ஆகியிருந்தா உங்கிட்ட சொல்லியிருப்பேனான்னு யோசிச்சேன், ஷு."

"சொல்லியிருப்பியா?"

"மாட்டேன். அதை நெனச்சாத்தான் உடம்பு நடுங்குது."

அதன் பிறகு பேசிக்கொள்கிறோம். மறுபடி ஒரே அறையில் தங்கலாமா என்று மட்டும் இருவருமே கேட்கவில்லை.