ஒரத்தநாடு ரோட்டில் குரூஸ் கண்ட்ரோல்

ரஃபீக்கும் நானும் சேர்ந்து வாங்கிய பழைய காரில், பெடலிலிருந்து காலை எடுத்தாலும் அதே வேகத்தில் போகவைக்கும் குரூஸ் கண்ட்ரோல் உண்டு. வாங்கியபோதே வேலை செய்யவில்லை. சரியானதும் சேர்ந்துதான் ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு.

ரஃபீக் இப்போது தோஹாவில்.

இன்று மெக்கானிக் குரூஸ் கண்ட்ரோலுக்குப் போகும், வெடித்திருந்த ரப்பர் டியூபை மாற்றினார். "வேலை செய்யும் தம்பி. ஆனா இந்த ஊர்ல எங்க ஓட்டுவீங்க?"

ரஃபீக்கை வீடியோவில் அழைத்து, போனைப் பக்கத்து சீட்டில் சாய்த்துவைத்துக் கிளம்பினேன். அறுபதில் பட்டனை அழுத்திவிட்டுக் காலை எடுத்தேன். கார் தானாகப் போனது.

"நம்ப மாட்டேன் மாப்ள. காலைக் காட்டுடா!"

காட்டினேன். சிரித்தான்.

அடுத்த வளைவில் பாதி ரோட்டுக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். பிரேக் மிதித்ததும் குரூஸ் கண்ட்ரோல் நின்றது.

"டியூட்டிக்கு நேரமாச்சுடா." அவனும் வைத்துவிட்டான்.

நெல் காயாத ரோடு தெரிந்தால் சொல்லுங்கள். பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கிறது.