ஈரல் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோன மீன்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் ஈரல் அண்ணன். சதுப்பு ஏரிக்கரையில் இருந்த ஆய்வுக்கூடத்தில் செத்த கொக்கு, நாரை, வலையில் சிக்கிய மீன் என்று எது வந்தாலும் வயிற்றைக் கிழித்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் எடுத்துக் குப்பியில் போடுவது அவர் வேலை. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் படித்தவர்கள் பாடு.

முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு ஏரியில் கலந்து கொண்டிருந்தது. அதிலிருந்து பறவைக்கும் மீனுக்கும் எவ்வளவு காட்மியம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்காகவே அந்தக் கூடத்தைக் கட்டினார்கள். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் போய் உட்காரும் என்று யாரோ ஆரம்பத்திலேயே அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். போதாதா? விஷமெல்லாம் உள்ளுறுப்பில், சதை சுத்தம் என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். வெட்டிய மீனைக் குழியில் போட்டு மூட வேண்டும் என்ற விதியைக் காற்றில் விட்டார். ஈரல் ஆய்வுக்கு, மீன் வீட்டுக்கு.

"செத்ததை அறுக்கிற இடத்து மீனைத் திங்கிற குடும்பம் நம்ம குடும்பம் ஒண்ணுதான்" என்பாள் மனைவி.

"ஊர்க்காரன் சந்தையில வாங்கிக் கண்டதையும் சேர்த்துத் திங்கிறான். நம்ம வீட்டுக்கு ஈரலோட விஷத்தையும் எடுத்துப் போட்டுட்டுல்ல மீன் வருது? தினமும் வெட்டுறவன் எனக்குத் தெரியாதா?"

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அந்த வீட்டில் மேல்முறையீடே கிடையாது.

மகளும் மருமகனும் பின்னறையில் குடியிருந்தார்கள். மருமகன் மீன் வாடை பட்டாலே தெருக்கோடிக்கு ஓடிவிடுவான், அதனால் அவன் பங்கும் மகளுக்கே. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வலையில் வந்ததிலேயே பெரிய கெளுத்தியாகப் பார்த்து ஒதுக்கினார். நடுத்துண்டெல்லாம் மகளுக்கு, வாலும் முள்ளும் மனைவிக்கு. ஏழாவது மாதத்தில் மகளின் கன்னம் உப்பியதைப் பார்த்துவிட்டு, எல்லாம் தன் கைவண்ணம் என்று கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார்.

அந்த மாதம் கூடத்துக்குப் புது இயந்திரம் வந்தது. அதை வாங்க வைத்தவர் கூடத்தின் தலைவி. பறவைகளைப் படித்து டாக்டர் ஆனவர், எல்லோருக்கும் டாக்டரம்மா.

"அண்ணே, இனிமே பாதரசமும் பார்க்கணும். மூடிக் கிடக்கிற பல்பு ஃபேக்டரியிலேருந்து கசியுதாம். நேத்து வெட்டின பெரிய கெளுத்தியோட சதை வேணும்."

"சதை எதுக்கும்மா? ஈரல்தான் எடுத்து வச்சிருக்கேனே."

"காட்மியம் மாதிரி இல்லண்ணே இது. சதையில போய்த் தங்கும். சேத்துல இருக்கிறது புழுவுக்குப் போகுது, புழுவைத் திங்கிற சின்ன மீனுக்கு, அதைத் திங்கிற கெளுத்திக்கு. மேல போகப் போக ஏறிக்கிட்டே இருக்கும். கெளுத்தியைத் தின்ன ஜீவனுக்குத்தான் எல்லாத்தையும் விட மோசம். எங்க அந்த மீன்?"

"தின்னாச்சும்மா."

"யாரு, கொக்கா?"

"என் மக."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டார். அண்ணன் கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றினார். சாப்பிட்ட பாதரசம் முடியிலும் படியும், முடி வளர வளர மாதாமாதம் வரிசையாகத் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னார். அன்று மாலையே மகளின் முடியில் ஒரு கற்றையை அடியோடு வெட்டிக்கொண்டு வந்தார் அண்ணன். கூடவே மனைவியின் முடியும்.

மகளின் முடியில் நுனிப்பக்கம் கொஞ்சம்தான் இருந்தது. தலைப்பக்கம் வர வர எண் ஏறியது. அவள் கர்ப்பமான மாதங்களில் மளமளவென்று ஏறி, மீன் தின்னும் நாரையின் இறகில் வந்த எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அப்பனின் பாசம் எந்த மாதம் பொங்கியது என்று இயந்திரம் பிசகில்லாமல் காட்டியது. மனைவியின் முடியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

"காலமெல்லாம் எனக்கு வாலையே தள்ளினீங்களே, அதுக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

மீனை நிறுத்தினால் மெல்லக் குறையும், குழந்தையின் மூளையைப் பற்றி இப்போதே எதுவும் சொல்வதற்கில்லை, பிறந்து வளரும்போதுதான் தெரியும் என்று பிரசவ மருத்துவர் சொன்னார். அண்ணன் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பின்னறை வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகப் பயமாக இருந்தது.

மகள்தான் கூப்பிட்டாள். அவர் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"உதைக்குதுப்பா. இது சரியா உதைக்குதா? தினமும் வயித்தைப் பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியாதா?"

அந்தக் கை அதுவரை தொட்ட வயிறு எதுவும் அசைந்ததில்லை. மறுபடியும் ஓர் உதை விழுந்தது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மற்றக் கையையும் எடுத்து வயிற்றின் மேல் வைத்தார்.