எண்ணெய் லென்ஸும் தண்ணீர் லென்ஸும்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளை இருட்டறை அக்கா என்பார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களைப் படம் பிடிக்கும் மைக்ராஸ்கோப் அறைக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே ஒருவனை மட்டும் அவளுக்குக் கண்டாலே ஆகாது. வேறு யாருமில்லை, கணவனின் தம்பிதான். அவள் கண் எரிய எடுத்த படங்களைத் தன் பெயரில் மேடையேற்றிக் கைதட்டல் வாங்கிய விஞ்ஞானி. கேட்டதற்கு, "வீட்டு ஆளுங்களுக்குள்ள என்ன அண்ணி உன்னோடது, என்னோடது" என்று சிரித்தான். "விடு, சின்னப் பையன்" என்றான் கணவன். சின்னப் பையனுக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வாய்ப்பு தானாக நடந்து வந்தது. உயிருள்ள மூளைத் துண்டுகளை அவன் ஆழம்வரை படம் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு லென்ஸ் வாங்கத்தான் அனுமதி. விற்பனையாளர் இரண்டைப் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பது. ஒளியை அள்ளிக் கொட்டும், ஆனால் மேலோட்டமாகத்தான். ஈரமான மூளைத் துண்டுக்குள் இறங்க இறங்கப் படம் குழம்பிவிடும். மற்றது தண்ணீர்ச் சொட்டு விடுவது. வெளிச்சம் ஒரு பங்கு குறைந்தாலும் ஆழத்தில் தெளிவு மாறாது. அவன் வேலைக்கு எது வேண்டும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. அவனுக்குத்தான் தெரியாது. மைக்ராஸ்கோப் முன் அவன் உட்கார்ந்ததே இல்லை, உட்காரத்தான் அண்ணி இருந்தாளே.

"எது அண்ணி நல்லது? என் துண்டு இன்னும் தயாராகல."

"அதுக்கென்ன, இதுல பார்த்துக்கோ" என்று பயிற்சிக்கு வைத்திருந்த மெல்லிய ஸ்லைடைச் செருகினாள். அதில் ஆழம் என்பதே கிடையாது. எண்ணெய் லென்ஸில் பச்சை ஜொலித்தது. தண்ணீர் லென்ஸில் கொஞ்சம் மங்கல்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு, எண்ணெய்தான். பரிந்துரை எழுதிக் கொடுத்துடுங்க அண்ணி."

எழுதிக் கொடுத்தாள். உள்ளுக்குள் தித்தித்தது என்பதுதான் உண்மை.

ஆராய்ச்சிக்குப் பணம் தரும் பெரிய மனிதர்கள் பார்க்க வந்த அன்று, புது எண்ணெய் லென்ஸ் மூளைத் துண்டின் மேற்பரப்பைத் தாண்டியதும் திரை முழுக்கப் பச்சைப் புகை. அவன் மைக்ராஸ்கோப் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தான், வியர்வை வழிந்தது. பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்கு மனம் குளிர்ந்தது. அன்று வீட்டில் அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவள் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

கொஞ்ச நாளில் அவன் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டான். இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

"ஆராய்ச்சியை நிறுத்த முடியாதும்மா. இனி நீங்கதான் பார்க்கணும். கட்டுரை உங்க பேர்லயே வரும். லென்ஸும் நீங்களே பரிந்துரை எழுதினது, அப்புறம் என்ன கவலை?"

இத்தனை வருடம் ஏங்கிய பெயர். லென்ஸ் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது உங்களுக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்பாரே. "சரி சார்" என்றாள்.

இருட்டறைக்கு வந்து, தன் முதல் மூளைத் துண்டை வைத்து, எண்ணெய்ச் சொட்டை விட்டாள். புகைக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.