தேவேந்திரன் வீட்டுப் பின்சுவர்

பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் தண்ணீரைக் குற்றம் சொல்லி வழக்குப் போட்டவர் தேவேந்திரன் ஒருவர்தான். நாற்பது வருஷம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் பிடித்தவர். அதைப் பற்றி ஒருநாளும் முனகியதில்லை. வீட்டுக்கு வந்த தண்ணீரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அது பக்கத்து வீட்டு நீலமேகத்திடமிருந்து வந்தது. நீலமேகம் அவருக்கு முறையில் மச்சான். ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்துவிட்டதால், லாரி லாரியாக மண் கொட்டி மனையை மூன்றடி உயர்த்தி மாடி வீடு கட்டிக்கொண்டார். புத்தியுள்ள காரியம். ஆனால் மாடியில் விழுந்த மழை குழாய் வழியாக இறங்கி, மேட்டிலிருந்து சரிந்து, தேவேந்திரன் வீட்டுப் பின்சுவரில் போய் நின்றது. மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர். இரண்டு ஐப்பசியில் உப்பியது. மூன்றாவதில் விரல் நுழையும் அளவுக்கு விரிந்தது.

தேவேந்திரன் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். தலைவர் கேசவன் நியாயமானவர். "ஆடிக்குள்ள காவா கட்டி தண்ணிய அந்தாண்ட திருப்பி வுட்டுடு நீலமேகம்" என்றார். நீலமேகமும் தலையாட்டினார். எந்த ஆடி என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு ஆடி போனதும், தேவேந்திரன் பொன்னேரி கோர்ட்டுக்குப் போவதாகச் சொன்னார். அவர் மனைவி மாலா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"செவுரு போனா தட்டி கட்டிக்கலாம். பாடு போச்சுன்னா இன்னாத்த கட்டுவ?"

பாடு என்பது ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கொரு முறை ஊரில் பானைக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பாடு உள்ளவனுக்குச் சோறு உண்டு. இல்லாதவன் ஓரத்தில் நின்று நண்டு தேடலாம். ஊரைத் தாண்டி போலீஸ், கோர்ட் என்று ஏறினவன், அதை வாபஸ் வாங்கும்வரை அவன் சீட்டு பானைக்குள் போகாது. பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த விதியைக் கொண்டுவந்தபோது, இப்படித்தான் கறாராக இருக்க வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் தேவேந்திரன். அப்போது அது வேறு யாருக்காகவோ.

"கோர்ட்டுக்கு மேலயா ஊரு?" என்று மாலாவிடம் கேட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

பொன்னேரி வக்கீல் வரதன் போட்டோக்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "ஸ்ட்ராங்கான கேஸ்பா. ஒண்ணு மட்டும். செவுத்துல கைய வெச்சிடாத. அதான் நமக்கு சாட்சி." அன்றிலிருந்து தேவேந்திரன் அந்த விரிசலில் ஒரு கரண்டி சிமெண்ட் கூடப் பூசாமல் காப்பாற்றினார்.

அந்த வருஷச் சீட்டில் அவர் பெயர் இல்லை. அதை அவர் எதிர்பார்த்திருந்தார். நீலமேகத்தின் பெயரும் இல்லாததை நீலமேகம் எதிர்பார்க்கவில்லை.

"எம்மேலதான கேஸ் போட்டான்? நான் எங்க போனேன்?"

"பொன்னேரிக்குப் போயி பதில் எழுதிக் குடுத்தியா இல்லியா?" என்றார் கேசவன்.

"குடுக்கலன்னா சும்மா வுடுவாங்களா?"

"அப்ப நீயும் ஏறினவன்தான். கேஸ் இருக்கற வரைக்கும் ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க."

பாடு போன வாதியும் பிரதிவாதியும் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரே மேஸ்திரியிடம் சித்தாள் வேலைக்குப் போனார்கள். போகிற ஷேர் ஆட்டோவும் ஒன்றுதான்.

"சிமெண்டுக்குச் சொல்லி வெச்சிருந்தேன் மச்சான். பாடு இருந்திருந்தா இந்நேரம் காவா கட்டியிருப்பேன்" என்பார் நீலமேகம்.

"அத ஜட்ஜ் கிட்ட சொல்லு."

"நாளைக்குதான வாய்தா? நீ எந்த பஸ்ல போற?"

"ஏழே கால்."

"எனக்கு எடம் போட்டு வை."

இப்படியே மூன்று வருஷம். மூன்றாவது கார்த்திகையில், ஒரு மத்தியானம், சாட்சி இடிந்து விழுந்தது. மாலா கடைக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். "போட்டோ எடுத்தியா?" என்று கேட்டார் வக்கீல்.

மாசியில் தீர்ப்பு வந்தது. தேவேந்திரன் ஜெயித்திருந்தார். பிரதிவாதியின் மனையில் விழும் மழைநீர் வாதியின் பின்சுவரைத் தாக்காதபடி வடிகால் கட்டித் தர வேண்டும் என்று அதில் இருந்தது.

"செவுரே இல்லியே சார்."

"அதுக்கு நஷ்ட ஈடு தனி கேஸ்பா. போடலாம்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சீட்டுப் போடும் நாள் வந்துகொண்டிருந்தது. நேரே கேசவன் வீட்டுக்குப் போனார்.

"கேஸ் முடிஞ்சிருச்சு தலைவரே. என் பேர எழுதிடு."

"வாபஸ் வாங்கிட்டியா?"

"ஜெயிச்சுட்டேன்."

"வாபஸ்னுதான ரூலு? நீதான கறாரா இருக்கணும்னு சொன்ன. நீலமேகம் உனக்கு முன்னாடியே வெறுங்கையோட வந்து, தோத்துட்டேன், மன்னிச்சுடுங்கன்னு ஊர் காலுல வுழுந்துட்டான். அவன் பேர எழுதியாச்சு. ஜெயிச்சவன எப்படி மன்னிக்கறது?"

மறுநாள் பொன்னேரிக்குப் போய், வழக்கை வாபஸ் வாங்க வேண்டும் என்றார் தேவேந்திரன். வரதன் சிரித்தேவிட்டார். "ஜெயிச்ச கேஸ எப்படிப்பா வாபஸ் வாங்கறது? தோத்தவன் அப்பீல் போயி ஜெயிச்சாதான் இது உடையும்."

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்குப் போனார். நீலமேகம் வலையில் ஈயக் குண்டு கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வடிகாலுக்குச் செங்கல் வந்து இறங்கியிருந்தது.

"மச்சான், நீ அப்பீல் போ. நான் வாயே தொறக்க மாட்டேன். தோத்துட்டு வந்துடறேன்."

நீலமேகம் கோக்க எடுத்த குண்டைக் கீழே வைத்தார். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"அப்பீல் போனா என் சீட்டு போயிடுமே மச்சான்."

தேவேந்திரன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் நிலைமையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று மாலாவிடம் சொன்னார். வடிகாலை நீலமேகம் சொன்னபடி ஆடிக்குள் கட்டி முடித்தார், நல்ல வேலைப்பாடு. தேவேந்திரன் இன்னும் காட்டுப்பள்ளிக்குப் போகிறார். ஆட்டோ ஏரிக்கரையை ஒட்டிப் போகும்போது, தண்ணீர் தெரியாத பக்கமாக உட்கார்ந்துகொள்கிறார்.